டிரவுட் குஞ்சு விடலாமா?

கேள்வி: என் அக்கா மகன் சியாட்டில் பக்கம் வேலையில் இருக்கிறான். அங்கே ஆற்றுக்குள் முழு மரங்களைப் போட்டு சால்மன் மீனைத் திரும்ப வரவழைக்கிறார்களாம்; வீடியோ அனுப்பினான். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே உள்ள ஓடை பல வருடமாகக் கலங்கலாகவே ஓடுகிறது. மேலே கேரட் தோட்டங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஓடையைச் சரி செய்து டிரவுட் குஞ்சு விடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். விடலாமா ஐயா?
- வாசகர் ஒருவர், கோத்தகிரி வட்டாரம்

பதில்: ஓடையைச் சரி செய்யுங்கள். குஞ்சு விடாதீர்கள்.

டிரவுட் மீனால் இருபது வருடம் சோறு தின்றவன்தான் இதைச் சொல்கிறேன். மீன் பொரிப்பகம் ஒன்றில் முட்டைத் தட்டு பார்க்கிற வேலை எனக்கு. ஒரு மழை ராத்திரி, தண்ணீர் வரும் வாய்க்காலைப் போய்ப் பார்க்காமல் தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் தட்டு முழுக்கக் காபிப் பொடி தூவினாற்போல வண்டல். நல்ல முட்டை வெந்த ஜவ்வரிசி மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு கறுப்புக் கண் தெரியும். அன்றைக்குப் பாதிக்கு மேல் வேகாத ஜவ்வரிசியாக வெளுத்துக் கிடந்தன. செத்ததை விட்டுவைத்தால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் தாவும். குளிரில் விரல் மரத்துப்போக, ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

முட்டையும் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான் விஷயம். பெண் மீன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிப் பள்ளம் பறித்து முட்டையிட்டு, மேலே மறுபடி கல்லைத் தள்ளி மூடும். பத்து டிகிரிக் குளிரில் பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சேறு இடுக்கை அடைத்தால் முட்டை மூச்சு முட்டிச் சாகும். சால்மனுக்கும் இதே கதைதான். மரம் கிடந்தால் தண்ணீர் வேகம் குறையும், பின்னால் மடு விழும், கூழாங்கல் ஓரிடத்தில் தங்கும். அங்கே மரம் போடுவது அதற்குத்தான். சியாட்டிலுக்கு மேற்கே எல்வா ஆற்றில் இரண்டு அணைகளையே 2011 முதல் 2014-க்குள் இடித்தார்கள்; மேலே சால்மன் திரும்ப ஏறியது.

ஆனால் சால்மன் அந்த ஊர்ப் பிள்ளை. டிரவுட் நமக்கு வந்த விருந்தாளி. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற டாக்டர் நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். மெட்ராஸ் அரசின் மீன் வளர்ப்பு நிபுணர் வில்சன் காலத்தில், 1907-வாக்கில் அவலாஞ்சிப் பொரிப்பகம் வந்த பிறகுதான் இங்கே வேர் பிடித்தது. அது அந்தப் பக்கமே இருக்கட்டும். உங்கள் ஓடையில் கல்லைப் பிடித்துக்கொண்டு பாசி சுரண்டும் சிறு மீன் இருக்கும், தவளை இருக்கும். தலைப்பிரட்டை டிரவுட்டுக்கு முறுக்கு மாதிரி.

சரி, என்ன செய்வது? அடுத்த மழையன்று குடையோடு ஓடையை ஒட்டி மேலே நடங்கள். எங்கே செந்நிறம் கலக்கிறது என்று பாருங்கள். ஐந்தாறு இடத்தில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஜன்னலோரம் ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். அடியில் படிந்த மண் யார் வீட்டுச் சங்கதி என்று சொல்லிவிடும். கேரட் கழுவுகிற இடமாக இருந்தால் மனு எழுதாதீர்கள், முதலில் டீ குடிக்கப் போங்கள். கழுவிய தண்ணீர் இரண்டு குழியில் தங்கித் தெளிந்து இறங்கினாலே பாதிச் சேறு நின்றுவிடும். அந்த மண் அவர் தோட்டத்து மேல்மண்தானே, அவருக்கும் நஷ்டம்தான்.

ஓடைக் கரையில் பத்தடியாவது கொத்தாமல் விடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம் நின்றால் ஒரே நாளில் மொத்தமாக வெட்டாதீர்கள். நிழலும் போகும், கரையும் சரியும். சோலை மரக் கன்று எழும்ப எழும்ப, கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கட்டட வேலைக்கு ஓடைக் கல்லை அள்ளுவதை நிறுத்துங்கள்.

மரம் போடுகிற வேலை மட்டும் வேண்டாம். நம் ஓடை குறுகல். ஒரு கட்டை உருண்டு ரோட்டுப் பாலத்துக் குழாயை அடைத்தால் தண்ணீர் ஊருக்குள் திரும்பும். 2009 நவம்பர் மழையை உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். மணலையும் குச்சியையும் ஒட்டிக் குழல் போலக் கூடு கட்டிய புழு ஒட்டிக்கொண்டிருந்தால் ஓடை தெளிந்துவருகிறது என்று அர்த்தம்; எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

கேள்வி: டிரவுட்டும் சால்மனும் சொந்தமா? கோவைச் சந்தையில் சால்மன் என்று விற்கிறார்களே, அதுதானா இது?
- இல்லத்தரசி, குன்னூர்

பதில்: நம் மலையில் உள்ள வானவில் டிரவுட்டும் பசிபிக் சால்மனும் ஒரே பேரினம், பங்காளிகள். இந்தியன் சால்மன் என்று சந்தையில் தருவது பெரும்பாலும் காலா மீன். அதற்கும் இவற்றுக்கும் உறவே கிடையாது அம்மா. ஆனால் குழம்புக்கு அருமையான மீன்.