அச்சுக்குப் போகும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எட்டு ஆண்டுகளாக எழுதிய நாவலைச் சொந்தச் செலவில் வெளியிடப் போகிறேன். முதல் பாதியைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தேன். பிற்பாதியைக் கைப்பேசியில் எழுதினேன். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் நூல் வந்துவிட வேண்டும் என்று ஆசை. "இப்போதே கொடுங்கள், பக்கம் கட்டிய பிறகு பிழை திருத்திக்கொள்ளலாம்" என்கிறார் வடிவமைப்பாளர். கொடுக்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவில்பட்டி)

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. சொந்தச் செலவில் வரும் நாவல்களில் என் கண்ணில் படும் பிழைகளில் பெரும்பாலானவை எழுதியவரின் அறியாமையால் வந்தவை அல்ல. முடிவடையாத பிரதியைப் பக்கம் கட்டக் கொடுத்துவிட்டு, அதன்பின் சுற்றுச் சுற்றாகத் திருத்தம் அனுப்பியதால் வந்தவை. கட்டி முடித்த பக்கத்தில் இரண்டு வரி கூட்டினால் அந்த அத்தியாயத்தின் கடைசிவரை எல்லாம் நகரும். நீங்கள் சிவப்பு மையில் குறித்ததை இன்னொருவர் பார்த்துத் தட்டும்போது, பழைய பிழை போய்ப் பக்கத்துச் சொல்லில் புதுப் பிழை முளைப்பதும் வழக்கம்தான்.

முதலில் இரு பாதிகளையும் ஒரே யூனிகோடு (கைப்பேசியும் இன்றைய கணினிகளும் பயன்படுத்தும் பொது எழுத்துக் குறியீட்டு முறை) கோப்பாக்குங்கள். மாற்றித் தரும் செயலிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றி முடித்ததும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். பழைய எழுத்துருக்களில் 'ரி' என்ற எழுத்துக்குத் துணைக்காலையும் (ா) மேல்விலங்கையும் (ி) அடுத்தடுத்துத் தட்டும் பழக்கம் பலருக்கு இருந்தது. இரண்டும் சேர்ந்தால் பார்வைக்கு 'ரி' போலவே இருக்கும். மாற்றிய கோப்பிலும் அது அப்படியே தங்கிவிடும். உங்கள் கதையில் மாரியம்மாள் என்றொருத்தி இருந்தால், கணினியின் கணக்கில் அவள் இரண்டு பெண்கள். ஒருத்தியைத் தேடினால் மற்றவள் அகப்படமாட்டாள். 'ஔ' நிற்க வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என இரண்டு எழுத்துகள் நிற்பதும் இதே வகைதான். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றிய பிறகே வாசிக்க உட்காருங்கள்.

தேடி மாற்றுவதிலும் எச்சரிக்கை வேண்டும். என் முதல் நாவலின் நாயகனுக்கு முதலில் மணி என்று பெயர் வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் அதைக் குமார் என்று மாற்ற எண்ணி, ஒரே சொடுக்கில் பிரதி முழுவதும் மாற்றினேன். மறுநாள் திறந்து பார்த்தால், பேருந்து காலை ஆறு குமார்க்குப் புறப்பட்டது. ஊர் நடுவே குமார்க்கூண்டு நின்றது. 'மணியை' என்றிருந்ததெல்லாம் 'குமார்யை' ஆகிக் கிடந்தது. தமிழில் பெயர்ச்சொல் உருபு ஏற்கும்போது அதன் ஈற்றெழுத்தும் மாறிவிடுவதால், பெயர் மாற்றத்தை ஓரிடம் ஓரிடமாகப் பார்த்து ஒப்புதல் தந்து செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவும் முடிந்ததும் பிரதியை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். பிறகு தாளில் அச்செடுத்து, வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டு, வாய்விட்டு வாசியுங்கள். திரையில் நாலு முறை தப்பிய பிழை தாளில் சிக்கும். வாசிக்கும்போதே, எந்தப் பாத்திரத்துக்கு எந்த அத்தியாயத்தில் என்ன வயது, எந்த ஆண்டு, எந்த மாதம் என்று தனி நோட்டில் குறித்து வாருங்கள். எட்டு ஆண்டுகள் எழுதிய நாவலில், ஐப்பசியில் தொடங்கிய மழை இரண்டு அத்தியாயம் கடந்து ஆவணியில் விடுவது எளிதில் நேரக்கூடியது. இதற்குள் ஜனவரி கடந்துவிட்டால் கடக்கட்டும். புத்தகக் காட்சி அடுத்த ஆண்டும் வரும்.

கேள்வி: என் நாவலில் உரையாடல் முழுவதும் நெல்லை வழக்கு. மெய்ப்புப் பார்த்தவர் 'சொல்லுதாவ' என்பதைச் 'சொல்கிறார்கள்' என்று திருத்திவிட்டார். கதை சொல்லும் பகுதியிலோ கண்ட இடத்தில் எல்லாம் ஒற்று போட்டிருக்கிறார். யாரை நம்புவது? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: உரையாடலைப் பொறுத்தவரை உங்கள் காதை நம்புங்கள், ஆனால் மெய்ப்பாளர்மீது முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் இணைத்திருந்த ஆறு பக்கத்தில் ஒரே ஆச்சி ஓரிடத்தில் 'சொல்லுதாவ' என்கிறார், மறு பக்கத்தில் 'சொல்றாவ' என்கிறார். எது நோக்கம், எது கைப்பிழை என்று வெளியாள் எப்படி அறிவார்? ஒவ்வொரு பாத்திரமும் எப்படிப் பேசும் என்பதை ஒரு பக்கப் பட்டியலாக்கி, பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள். பட்டியலில் உள்ளவற்றைத் தொடக்கூடாது, மற்றவற்றைத் திருத்தலாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஒற்று விஷயத்தில் உங்கள் மனக்குறை நியாயமானது. 'வேலையைக் கொடுத்தான்' என்று உருபு வெளிப்படையாக இருந்தால் ஒற்று மிகும். 'வேலை கொடுத்தான்' என்று உருபு மறைந்திருந்தால் மிகாது. 'படித்துப் பார்த்தான்' சரி. 'வந்துப் போனான்' தவறு, 'வந்து போனான்' என்பதே சரி. ஒற்று விடுபட்டால் வாசகர் பலர் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். தேவையற்ற இடத்தில் போட்ட ஒற்றோ வாசிக்கும்போது நாக்கில் இடறும். அப்படிப் போடுகிறவரிடம் அடுத்த நூலைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பக்கக் கணக்கு எப்படிப் போடுவது? ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: ஐ.எஸ்.பி.என். என்பது நூலுக்கான பன்னாட்டு அடையாள எண். இந்தியாவில் அந்த எண்ணைக் கட்டணமின்றி வழங்குவது ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. எழுதியவரே வெளியீட்டாளராக இணையவழியில் விண்ணப்பிக்கலாம். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நாவல்கள் பெரும்பாலும் டெமி என்ற நூல் அளவில் வருகின்றன. நிறையப் பிரதிகளை ஒருசேர அடிக்கும் ஆஃப்செட் அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி. ஆகவே 256 பக்கம் என்றால் சரியாக 16 ஃபாரம். உங்கள் நூல் 259 பக்கத்தில் முடிந்தால், அந்த மூன்று பக்கத்துக்காகத் தாளும் கூலியும் கூடும். இந்தக் கணக்கில் தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், சமர்ப்பணம், முன்னுரை எல்லாம் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று பக்கத்தைக் குறைக்க எழுத்தைச் சிறிதாக்கும்படி அச்சகத்தில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். முன்னுரைகள் இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். தேவைக்கேற்ப 50, 100 என்று டிஜிட்டலில் அச்சிடுவதாக இருந்தால் ஃபாரம் கணக்கைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. பிரதி ஒன்றுக்கு ஆகும் செலவுதான் கூடும்.

கேள்வி: ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் ஒரு திரைப்பாடலின் இரண்டு வரிகளை வைத்திருக்கிறேன். சிக்கல் வருமா? (வாசகர், திருச்சி)

பதில்: வரக்கூடும். இந்தியச் சட்டப்படி ஒருவர் எழுத்துக்கு அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. திரைப்பாடல் வரிகளின் உரிமை பல நேரங்களில் இசை நிறுவனங்களிடம் இருக்கிறது. இரண்டே வரிதானே என்ற சமாதானத்தை நம்பி 20 அத்தியாயங்களின் தலையிலும் வைக்காதீர்கள். எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையேல் எடுத்துவிடுங்கள். பாரதியார் பாடல்கள் என்றால் தடையில்லை. அவை நாட்டுடைமையாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களைப் பாடல் வரிகளை மறைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். எந்த அத்தியாயமும் எதையும் இழக்கவில்லை.