மெஷின் இல்லாமல் டிஷர்ட்டில் எழுத்து ஒட்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். தை மாத எருது விடும் விழாவுக்கு, எங்கள் காளையின் பெயரான ‘மின்னல்’ என்பதை நெஞ்சில் போட்டு 18 டிஷர்ட்டுகள் வேண்டும் என்று மகனும் அவன் கூட்டாளிகளும் கேட்கிறார்கள். சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளான ஹீட் டிரான்ஸ்பர் வினைல் வாங்கி, ஸ்டிக்கர் கடையில் எழுத்தை வெட்டி, வீட்டு அயர்ன் பாக்ஸால் இரண்டு டிஷர்ட்டுகளில் ஒட்டினேன். ஒரே துவைப்பில் ஓரம் கிளம்பிவிட்டது. வினைல் விற்றவரோ, ஹீட் பிரஸ் மெஷின் இல்லாமல் ஒட்டவே ஒட்டாது, கடனும் மானியமும் நானே வாங்கித் தருகிறேன், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். 18 டிஷர்ட்டுகளுக்கு அயர்ன் பாக்ஸ் தாராளமாகப் போதும். ஹீட் வினைலின் அடிப்பக்கத்தில் உலர்ந்த பசை ஒன்று பூசப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது இளகி, மேலிருந்து அழுத்தம் கிடைக்கும்போது துணியின் நூலிழைகளுக்குள் இறங்கி, ஆறியதும் இறுகிக்கொள்கிறது. மெஷின் இந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் முழு எழுத்துக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கிறது. அயர்ன் பாக்ஸில் நாம் பகுதி பகுதியாகக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஓசூரில் டிஷர்ட் அச்சுத் தொழிலில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். என் முதல் இரண்டு ஆண்டு வேலையும் அயர்ன் பாக்ஸில் நடந்ததுதான்.

உங்களுக்குக் கொடுக்கப்பட்டது உண்மையிலேயே ஹீட் வினைல்தானா என்பதை முதலில் பாருங்கள். வண்டி நம்பர் பிளேட்டுக்கு ஒட்டும் சாதாரண ஸ்டிக்கர் வினைலையே டிஷர்ட்டுக்கும் வெட்டிக் கொடுத்து அனுப்பும் கடைகள் நம் பக்கத்தில் உண்டு. சாதாரண ஸ்டிக்கரின் பின்னால் உள்ள காகிதத்தை உரித்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். ஹீட் வினைலின் பசைப்பக்கம் விரலில் ஒட்டாது. அதன் மேற்பக்கத்தில்தான் பளபளப்பான கண்ணாடித்தாள் இருக்கும். எழுத்தைப் பசைப்பக்கத்திலிருந்து இடவலம் மாற்றி, கடைக்காரர்கள் சொல்லும் ‘மிரர்’ முறையில் வெட்ட வேண்டும். ஒரு கடைக்காரர் மிரர் என்றால் என்ன என்று உங்களையே திருப்பிக் கேட்டால், வேறு கடை பாருங்கள்.

அளவிலும் ஏமாற்று நடக்கிறது. சுருளின் அகலம் பெரும்பாலும் 50 சென்டிமீட்டர். 22 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் உயரத்தில் பெயரைப் போட்டால், வரிசைக்கு இரண்டாக ஒன்பது வரிசையில் 18 பெயர்களும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஐந்து மீட்டருக்குக் குறைந்து தருவதில்லை என்பவரிடம் வாங்காதீர்கள். எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும் என்கின்றன. சுருளைப் பிரித்து மீட்டர் கணக்கில் வெட்டி விற்கும்போது அந்தப் பெயரும் போய்விடுகிறது. எத்தனை டிகிரி, எத்தனை நொடி, சூட்டோடு உரிப்பதா ஆறவிட்டு உரிப்பதா என்ற குறிப்பும் போய்விடுகிறது. இதைக் கேட்க வேண்டிய அதிகாரி தராசுக்கு முத்திரை குத்துவதோடு வேலை முடிந்தது என்று இருக்கிறார். ஆகவே அந்த மூன்று விவரங்களையும் விற்பவரிடம் கேட்டு, பில்லின் பின்பக்கமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது துணி. நான் சொல்லும் முறை பருத்திக்குப் பொருந்தும், பருத்தி கூடுதலாகக் கலந்த துணிக்கும் ஓரளவு பொருந்தும். ‘டிரைஃபிட்’ என்றும் ஜெர்சி என்றும் விற்கப்படும் வழவழப்பான பாலியஸ்டருக்குப் பொருந்தாது. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பணம் இழந்து கற்ற பாடம் இது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கபடி அணிக்குச் சிவப்பு ஜெர்சியில் வெள்ளை எழுத்தை ஒட்டிக் கொடுத்தேன். மாலையில் பளிச்சென்று வெள்ளையாக இருந்த எழுத்து மறுநாள் ஆட்டத்தின்போது வெளிர் ரோஜா நிறத்துக்கு மாறியிருந்தது. பன்னிரண்டு ஜெர்சிகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பாலியஸ்டருக்கு ஏற்றப்படும் சாயம் அதிகச் சூட்டில் ஆவியாகிக் கிளம்பி, மேலே ஒட்டியிருக்கும் வினைலுக்குள் ஏறிவிடும். ஒட்டிய அன்று தெரியாமல் இருந்து, ஓரிரு நாள் கழித்துத் தெரிவதும் உண்டு. சூட்டைக் கூட்டினால் சாயம் ஏறும், துணியும் பளபளத்துக் கருகும். குறைத்தால் சாதாரண ஹீட் வினைல் பிடிக்காது. இதற்கென்று ஏறத்தாழ 130 டிகிரியில் ஒட்டுகிற, சாயத்தைத் தடுக்கும் அடுக்கு கொண்ட வினைல் தனியாக உண்டு. ஆனால் டிகிரி காட்டாத அயர்ன் பாக்ஸை வைத்துக்கொண்டு அதில் இறங்குவது சூதாட்டம். காட்டன் என்று சொல்லிப் பாலியஸ்டரைத் தள்ளிவிடுகிறார்கள் என்பதால், உள்தையலிலிருந்து நான்கு நூலை இழுத்து, தட்டின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கலப்பு. 18 டிஷர்ட்டுகளையும் வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் வாங்கி இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

இனி ஒட்டும் முறை. புது டிஷர்ட்டை ஒருமுறை துவைத்து நன்றாகக் காயவையுங்கள். கஞ்சியோ வாசனைத் திரவமோ சேர்க்க வேண்டாம். மெத்தென்ற விரிப்பின் மேல் வைத்து அழுத்தினால் அழுத்தமெல்லாம் விரிப்புக்கே போய்விடும், உங்கள் எழுத்து கிளம்பியதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். நம் மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை என்று சமையல் மேடையில் வைத்தும் தேய்க்காதீர்கள், அந்தக் கல் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மரப்பலகையைத் தரையில் போட்டு, மேலே மெல்லிய பருத்தித் துணியை ஒற்றையாக விரித்தால் போதும். முட்டி போட்டு, முழங்கை மடங்காமல் நின்றால் உடம்பின் எடை அப்படியே அயர்ன் பாக்ஸின் மேல் இறங்கும்.

நீராவியை அணைத்துவிடுங்கள், திருகைக் காட்டன் குறிக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். விளக்கு முதல்முறை அணைந்ததும் தொடங்காமல், இரண்டாம் முறை அணையும் வரை பொறுங்கள். முதல்முறை சூடு எல்லை தாண்டித்தான் நிற்கும். மின்னழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். 230 வோல்ட்டில் 1,000 வாட் இழுக்கும் பெட்டி, ஊரெல்லாம் மோட்டார் ஓடி 180 வோல்ட்டாக இறங்கிய நேரத்தில் ஏறத்தாழ 610 வாட்தான் இழுக்கும். துணி குடித்த சூட்டை அதனால் உடனுக்குடன் ஈடுகட்ட முடியாது. மின்சாரம் சீராக இருக்கும் பகல் வேளையில் செய்யுங்கள்.

வெறும் துணியைப் பத்து நொடி தேய்த்து ஈரத்தைப் போக்கிய பிறகு, கண்ணாடித்தாள் மேலே இருக்கும்படி எழுத்தை வைத்து, அதன் மேல் பட்டர் பேப்பரைப் போட்டு அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது. ஓரிடத்தில் வைத்து மனதுக்குள் இருபது எண்ணும் வரை அழுத்தி, தூக்கி, முந்தைய இடத்தில் பாதி விழும்படி அடுத்த இடத்தில் வையுங்கள். நீராவித் துளைகளுக்குக் கீழே சூடு குறைவு என்பதால், பெட்டியைச் சற்றுத் திருப்பி இரண்டாம் சுற்றும் வர வேண்டும். பிறகு டிஷர்ட்டை உட்புறம் திருப்பி, பின்னாலிருந்தும் அதே அளவு அழுத்துங்கள். பில்லில் எழுதி வாங்கியபடி சூட்டோடோ ஆறவிட்டோ கண்ணாடித்தாளை மெல்ல உரியுங்கள்; எழுத்தும் கூடவே எழும்பினால் தாளைப் பழையபடி படியவைத்து இன்னும் பத்து நொடி அழுத்துங்கள். வினைலின் மேலே துணியின் நெசவு வரிவரியாகத் தெரிந்தால் பசை உள்ளே இறங்கிவிட்டது. வழவழவென்று தனித் தகடுபோலக் கிடந்தால் இறங்கவில்லை.

தமிழ் எழுத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு: புள்ளி. உங்கள் காளையின் பெயரில் இரண்டு மெய்யெழுத்துகள் இருக்கின்றன. சின்னப் புள்ளிக்குப் பசைப்பரப்பு குறைவு என்பதால் துவைப்பில் முதலில் உதிர்வது அதுதான், உதிர்ந்தால் ‘மின்னல்’ என்பது ‘மினனல’ என்று ஆகிவிடும். புள்ளியின் குறுக்களவு குறைந்தது 5 மில்லிமீட்டராவது இருக்கும்படி, சுழிகள் தடித்த எழுத்துருவில் வெட்டச் சொல்லுங்கள். புள்ளிகளின் மேல் மட்டும் அயர்ன் பாக்ஸின் நடுப்பகுதியைத் தனியாக ஒருமுறை வையுங்கள்.

மெஷின் விற்க வந்தவரைப் பற்றி. ஆண்டுக்கு ஒருமுறை 18 டிஷர்ட்டுகள் போடும் வீட்டுக்கு ஹீட் பிரஸ் தேவையில்லை. அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும் என்பதைக்கூட இவர்கள் விற்ற பிறகுதான் சொல்வார்கள். மெஷின் வாங்கினால் ஆர்டரும் நாங்களே தருவோம் என்ற பேச்சு அடுத்து வரும். அந்த ஆர்டர் எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 விழுக்காடு மானியம் இருப்பது உண்மைதான். ஆனால் அது தொழில் தொடங்குபவருக்கானது. மானியமும் கையில் வராது, வங்கியில் மூன்று ஆண்டு தனி வைப்பாகக் கிடக்கும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுக்கும் இல்லை. பின்னாளில் தொழிலாகவே செய்ய நினைத்தால் கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். விண்ணப்பம் எளிய தமிழில் இருந்து, வங்கிக் கிளையும் நான்கு நடை நடக்கவிடாமல் பதில் சொல்லியிருந்தால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. இருந்தாலும் அந்த நான்கு நடை முன்பணத்தைவிட மலிவு.

ஒட்டிய டிஷர்ட்டை ஒரு நாள் முழுக்கத் துவைக்காதீர்கள். பிறகு உட்புறம் திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசுங்கள். கல்லில் அடிக்கவோ எழுத்தின் மேல் பிரஷ் போடவோ வேண்டாம்.

கிளம்பிப்போன அந்த இரண்டு டிஷர்ட்டுகளில், தூக்கிய ஓரத்தின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால் பட்டர் பேப்பர் போட்டு முன்பக்கமும் பின்பக்கமும் மறுபடி அழுத்துங்கள், பிடித்துக்கொள்ளும். பஞ்சும் சோப்பும் படிந்திருந்தால் பிடிக்காது. அப்போது அயர்ன் பாக்ஸால் சூடேற்றி, சூடு ஆறுவதற்குள் இடுக்கியால் முழுவதையும் உரித்தெடுங்கள். பசைக்கறை துணியில் தங்கும் என்பதால், அந்த இரண்டுக்கு மட்டும் எழுத்தை ஒரு சுற்றுப் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். வாங்கிய ஒரு மீட்டரிலேயே அதற்கும் இடம் இருக்கும்.