பாந்தனால் படத்தில் இருப்பது எந்த நீல மக்கா?

தென்னமெரிக்காவின் பாந்தனால் சதுப்பு நிலத்தில் எடுத்த படத்தில் இருப்பது லியர் மக்காவா, ஹயசிந்த் மக்காவா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே நீண்ட வாலுள்ள பெரிய நீலக் கிளிகள். ஹயசிந்த்தான். லியர் வடகிழக்கு பிரேசிலின் பாஹியாவை விட்டு வருவதில்லை. மணற்கல் பாறைச் சுவர்களில் பொந்து பார்த்துக் கூடு கட்டும். 1978 வரை அதன் காட்டு வாழிடமே ஆய்வாளர்களுக்குப் பிடிபடவில்லை!

படத்திலேயே உறுதி செய்ய, அலகோரத்து மஞ்சளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழலகை ஒட்டி மெல்லிய பட்டையாக ஓடினால் ஹயசிந்த். லியருக்கு அது அகன்ற திட்டாக இருக்கும், தலையும் சற்று வெளிறியிருக்கும்.

அப்புறம், பின்னால் இருப்பது மந்துவி மரமா? பாந்தனாலில் ஹயசிந்த் பெரும்பாலும் அதன் பொந்தில்தான் முட்டையிடும். அந்த மரத்தின் விதையைப் பரப்புவதும் டூக்கான் என்ற பெரிய அலகுள்ள பறவை, மக்காவின் முட்டையைத் திருடித் தின்பதும் அதே டூக்கான். இவர்கள் உறவு கொஞ்சம் சிக்கல்தான்.