சத்துணவின் தரம் உயர முதலில் காய் நறுக்க ஆள் வேண்டும்

கேள்வி: அரசுப் பள்ளி மதிய உணவின் தரத்தையும் சத்தையும் கூட்ட என்ன செய்யலாம்?

என் அம்மா திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் 22 வருஷம் சத்துணவு சமையல் உதவியாளராக இருந்தார். அந்தச் சமையல்கூடத்து வாசற்படியில் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். இப்போது என் பையன் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: உணவுப் பட்டியல் நன்றாகவே இருக்கிறது. அது தட்டுக்கு வந்து சேர ஆளும் நேரமும்தான் போதவில்லை.

பட்டியலில் ஒவ்வொரு ஆட்சியும் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. 1956-இல் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்தார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-இல் வாரம் ஐந்து முட்டை ஆனது. பிறகு ஜெயலலிதா காலத்தில் கொண்டைக்கடலை புலாவ், கறிவேப்பிலை சாதம், மிளகு முட்டை என்று கலவை சாத வகைகள் வந்தன. எல்லாமே நல்ல காரியங்கள். ஆனால் ஒரு மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்ற மூன்று பேர் கணக்குதான் கடைசிவரை. அதிலும் பல மையங்களில் இடம் காலி.

எங்கள் ஊரில் சமையலர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு இரண்டு வருஷம் யாரும் வரவில்லை. அம்மா ஒருவரே எல்லாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய் என்று மத்திய அரசு அளவு வகுத்திருக்கிறது. 100 பிள்ளைகள் என்றால் 5 கிலோ காய், 2 கிலோ பருப்பு. ஐந்து கிலோ காயை அரிவாள்மனையில் ஒற்றை ஆளாக நறுக்கிப் பாருங்கள். அது முடிந்ததும் 100 முட்டை உரிக்க வேண்டும். சூடு ஆறாத முட்டையைத் தண்ணீரில் போட்டுப் போட்டு உரித்து அம்மாவின் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். அந்த இரண்டு வருஷமும் பீன்ஸ், அவரைக்காய் பக்கமே அவர் போகவில்லை. நாலு வெட்டில் முடிகிற பூசணியும் உருளையும்தான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. 12:30-க்கு மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பார்களே, வேறு என்ன செய்வார்?

ஆள் வந்த பிறகு அதே கையில் சமையல் மாறியது. கத்தரிக்காயைப் பெரிய துண்டாகப் போட்டால் பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள் என்று, பொடியாக அரிந்து பருப்போடு மத்தால் கடைந்துவிடுவார். முருங்கைக்கீரையைக் காம்பு நீக்கிப் பருப்பில் போடுவார். காம்போடு போட்டால் ஒவ்வொன்றாக உருவி வெளியே எறிவார்கள். எலுமிச்சை சாதத்தன்று சுண்டலில் கேரட் துருவிப் போடுவார். இதெல்லாம் கூடுதலாகக் கேட்பது நேரம் மட்டும்தான்.

2024 கடைசியில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க அரசாணை வந்தபோது மனசார மகிழ்ந்தேன். ஆனால் மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம். காலையில் வந்து அடுப்புச் சூட்டில் நின்று நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவருக்கு அது போதாது. இந்தப் பணத்துக்கு வந்தவர் எத்தனை நாள் நிலைப்பார் என்பதும் உணவுத் தரத்தில் அடக்கம்தான்.

இன்னொன்று, செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவில் செய்த மணிகளை நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கிறார்கள். நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், கழுவும்போது சில மணிகள் மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். எதற்காகக் கலந்தார்களோ அந்தச் சத்தே சாக்கடைக்குப் போகிறது. அரிசியைப் பல தண்ணீர் விட்டுக் கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் சத்தைக் குறைக்கும். தண்ணீரை அளந்து வைத்து வடிக்காமல் சமைப்பது நல்லது. சமைப்பவருக்கு இதை யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அதை நான்தான் செய்தேன், பத்து நிமிஷ வேலை.

பெற்றோர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். காலியிடம் இருந்தால் தீர்மானம் போட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். பரிமாறுவதற்கு முன்னால் ஆசிரியர் உட்பட இரண்டு மூன்று பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவராக நீங்கள் போகலாம். பள்ளியில் ஒரு முழம் மண் காலியாக இருந்தால் முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டுவிடுங்கள்.

போகிற அன்று சாப்பாட்டு நேரத்துக்குப் போகாதீர்கள். காலை பத்து மணிக்குப் போங்கள். எத்தனை கிலோ காய் வந்திருக்கிறது, அதை எத்தனை கைகள் நறுக்குகின்றன என்று அப்போதுதான் தெரியும்.