பூச்சியியல்: வாசகர் கேள்விகள்

கே: ஆய்வுக்கூட வசதி இல்லாமல் ஒருவர் பூச்சியியலாளர் ஆக முடியுமா?

முடியும். பிரான்சின் ழான் ஆன்ரி ஃபாபர் (1823–1915) முனைவர் பட்டம் பெற்றும் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகவே இருந்தவர். 1879-ல் செரீன்யான் கிராமத்தில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தை வாங்கி, இறுதிவரை அங்கேயே பூச்சிகளைக் கவனித்தார். பைன் மர ஊர்வலப் புழுக்கள் ஒரு பெரிய தொட்டியின் விளிம்பில் ஏறியதும், அவை வந்த வழியில் விட்ட பட்டு இழையைத் துடைத்தெடுத்தார். முன்னே போவதன் இழையைப் பின்னே வருவது பிடித்துக்கொண்டே போக, வரிசை ஏழு நாள் விளிம்பையே சுற்றியது. நகர்ந்த நேரம், நின்ற நேரம், இரவுக் குளிர் எல்லாம் அவர் குறிப்பில் இருக்கின்றன. அதை வைத்து இன்னொருவர் அதே சோதனையைச் செய்துபார்க்கலாம். அப்படிக் குறிப்பெடுப்பவரைத் தயங்காமல் பூச்சியியலாளர் எனலாம்.

கே: கல்லூரிக்காகச் சேர்த்த வண்டுகள் பெட்டிக்குள்ளேயே தூளாகின்றன. ஊசியும் துருப்பிடிக்கிறது. என்ன செய்வது?

ஊசிக்கடியில் பழுப்புத் தூளும் முடி நிறைந்த தோலுரியும் கிடந்தால், காய்ந்த உடலைத் தின்னும் தோல்வண்டின் புழு உள்ளே இருக்கிறது. பெட்டியை பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வருமுன் திறந்தால் பூச்சியின்மேல் ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும்.

தையல் ஊசி வேண்டாம். 38 மில்லிமீட்டர் நீளத் துருப்பிடிக்காத பூச்சி ஊசியில் 2 அல்லது 3-ஆம் எண் பெரும்பாலான வண்டுகளுக்குச் சரி. வலப்பக்க மேலிறகின் முன்பகுதியில் குத்துங்கள். நடுக்கோட்டில் குத்தினால் இரண்டு மேலிறகுகளும் விலகிப் பிளக்கும். வலப்பக்கம் குத்தினால் இடப்பக்கம் பழுதில்லாமல் ஆய்வுக்குக் கிடைக்கும். விரலால் பிடிக்க மேலே ஒரு சென்டிமீட்டர் விடுங்கள்.

கே: ஆல்கஹாலில் போட்ட கம்பளிப்புழு கறுத்துவிடுகிறதே?

உடலுக்குள் நொதிகள் வேலை செய்துகொண்டே இருப்பதுதான் காரணம். கொதித்து அடங்கிய வெந்நீரில் முதலில் போடுங்கள். சிறியதற்கு ஒரு நிமிடம் போதும், பெரியதற்குச் சில நிமிடம். பிறகு 70–80 சதவீத ஆல்கஹால். புழுவின் உடல் நீர் கலந்து ஆல்கஹால் நீர்த்துப்போகும் என்பதால் மறுநாள் மாற்றிவிடுங்கள். மரபணு ஆய்வுக்கென்றால் வெந்நீர் வேண்டாம், நேராக 95 சதவீதத்தில் போடுங்கள். இடம், தேதி, சேகரித்தவர் பெயர், எந்தச் செடியில் கிடைத்தது என்று பென்சிலால் எழுதி, சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.