ஜப்பானிய மொழியில் அழுக்கைச் சொல்வது எப்படி? கேள்வி பதில்

சைத்தாமாவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். கட்டடங்களைச் சுத்தம் செய்யும் நிறுவனம் ஒன்றில், புதிதாகச் சேரும் வெளிநாட்டவர்களுக்கு வேலைக்கான ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறேன். அழுக்கும் கறையும் எனக்கு அன்றாடப் பாடம். கேளுங்கள். தேர்வு, விசா மட்டும் இங்கே வேண்டாம்.

கேள்வி: அக்கா, யோகோஹாமா வந்து மூன்று மாதம் ஆகிறது. அழுக்கு என்றால் 'கித்தனை' என்று செயலியில் படித்தேன். ஆபீஸில் பக்கத்து மேசையைக் காட்டி அதைச் சொன்னேன், அவர் முகமே மாறிவிட்டது. என்ன தப்பு?

அகராதிப்படி தப்பில்லை. ஆனால் கித்தனை என்ற சொல்லில் அழுக்கோடு உங்கள் அருவருப்பும் சேர்ந்து போகிறது. நாம் "சீ, அசிங்கம்" என்பதற்குப் பக்கத்தில் வரும். காசு விஷயத்தில் அற்பமாக நடப்பவரை 'ஓகானே நி கித்தனை' என்பார்கள். விளையாட்டில் அழுகுணி ஆட்டம் ஆடினாலும் கித்தனைதான். அதனால் நீங்கள் மேசையைச் சொன்னாலும் அது மேசைக்காரர் மேல் போய் விழும்.

நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது 'யோகோரெத்தே இமஸ்'. அழுக்காகியிருக்கிறது என்று பொருள். முன்பு சுத்தமாக இருந்தது, இப்போது ஏதோ பட்டுவிட்டது, துடைத்தால் போய்விடும் என்பதெல்லாம் அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. யார் மேலும் குற்றம் இல்லை. காகிதங்கள் இறைந்து கிடந்தால் அது அழுக்கே இல்லை, 'சிரக்கத்தே இமஸ்', அதாவது கலைந்து கிடக்கிறது.

நானும் இதில் அடிபட்டவள். வந்த முதல் வருடம், நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டியிடம் குளியலறை கித்தனை என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு பதினோரு மணிக்கு அவர் தரை தேய்க்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அடுத்தவர் பொருளை, வீட்டை, உடம்பைக் கித்தனை என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: இது ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வின் தொடக்க நிலையான என்-5-க்கு வருமா?

தேர்வு வேண்டாம் என்றேனே. 2010-ல் தேர்வு மாறிய பிறகு அதிகாரபூர்வச் சொற்பட்டியலே வெளியிடுவதில்லை என்பது மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நாகோயாவில் குடும்பத்தோடு இருக்கிறேன். கடையில் சுத்தம் செய்யும் பொருள் வாங்கப் போனால் எந்த அழுக்கு என்று கேட்கிறார்கள். கையைக் காட்டித்தான் சமாளிக்கிறேன்.

எனக்குப் பிடித்த கேள்வி. ஜப்பானில் ஒவ்வொரு அழுக்குக்கும் தனிப் பெயர், தனி மருந்து. அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு 'அபுரா யோகோரே'. குழாயில் படியும் வெள்ளை உப்புப் படிவம் 'மிஸுஆகா'. வடிகாலில் வழுவழு என்று இருப்பது 'நுமேரி'. துணியில் விழுந்த கறை 'ஷிமி'. தூசி 'ஹொக்கோரி'. போகவில்லை என்றால் 'ஒச்சினை', அதாவது விழவில்லை. நமக்குக் கறை போகும், அவர்களுக்குக் கறை விழும்.

கையில் படும் விதத்துக்கு இரட்டைக்கிளவிகள் உண்டு. நமக்கு இது சுலபம், பிசுபிசு, கொழகொழ என்று வளர்ந்தவர்கள்தானே. பெத்தபெத்த என்றால் பிசுபிசு. நுருநுரு என்றால் வழவழ.

இங்கே ஓர் அழகு இருக்கிறது. ஸரஸர என்றால் மணல்போல் நழுவும் மென்மை. முதல் ஒலி அதிர்ந்து 'இஜட்' ஒலியானால் நறநற என்று உறுத்தும் சொரசொரப்பு. அப்படி ஒலி மாறுவதைக் காட்ட எழுத்தின் தலையில் போடும் இரண்டு சின்னக் கோடுகளுக்குப் பெயர் 'தக்குதென்'. அதில் வரும் 'தக்கு' என்ற கான்ஜிக்கு, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துக்கு, கலங்கல் என்று பொருள். தெளிந்த ஒலி கலங்கினால் சொல்லின் பொருளும் கலங்குகிறது! நட்சத்திரம் மின்னுவதும் எண்ணெய்ப் படலம் கண்ணைக் கூச வைப்பதும் ஜப்பானியத்தில் இந்த ஒரு வித்தியாசம்தான். தமிழில் எழுதினால் இரண்டுமே 'கிரகிர'. பூஞ்சணத்துக்கான சொல்லை எழுதினால் 'காபி' என்று வந்து நிற்கும். தயவுசெய்து தமிழில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள், ஜப்பானியரின் அடிப்படை எழுத்தான ஹிரகானா கற்றுக்கொள்ளுங்கள். இங்கே வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

கேள்வி: நண்பனிடம் விளையாட்டாகக் கித்தனை சொல்லலாமா?

நெருங்கிய நண்பன் என்றால் அவனே சொல்வான். நீங்கள் முதலில் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஒசாகா பக்கம் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். பெரியவர் ஒருவர் படுக்கையை நனைத்துவிட்டால் அவரிடம் என்ன சொல்வது அக்கா? சும்மா இருந்தால் கோபம் என்று நினைக்கிறார்.

அழுக்கின் பெயரையே எடுக்காதீர்கள் தம்பி. யோகோரெத்தே இமஸ் கூட வேண்டாம். 'கிரேய்னி ஷிமாஷோ நே' என்று சொல்லுங்கள், சுத்தம் பண்ணிக்கலாமா என்று. கிரேய் என்பது சுத்தத்துக்கும் அழகுக்கும் ஒரே சொல், அதனால் கேட்பவருக்கு அது கௌரவமாகவே படும். முடிந்ததும் 'சப்பாரி ஷிமாஷித்தா நே' என்று ஒரு வார்த்தை. குளித்து எழுந்தாற்போல் இதமாக இருக்கிறதல்லவா என்ற அர்த்தம். சொல்லும்போது அவர் கண்ணைப் பாருங்கள்.

பதிவேட்டில் மட்டும் துல்லியம் வேண்டும். அங்கே மலம் 'பென்'. தண்ணீர்போல் போனால் சுய்யோபென், சேறுபோல் இருந்தால் தேய்ஜோபென், இளகலாக இருந்தால் நன்பென். அடுத்த ஷிப்டில் வரும் செவிலியர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். கித்தனை என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

கேள்வி: கிரேய்க்கு எதிர்மறை வடிவம் 'கிரேகுநை' தானே?

இல்லை, 'கிரேய் ஜா நை'. கடைசியில் 'இ' ஒலித்தாலும் அது 'ந' வகைப் பெயரடை, அதில் 'குநை' சேராது.

கேள்வி: கெகாரே என்ற சொல்லைப் பார்த்தேன். நம்ம ஊர் தீட்டுதானே அது?

பெரும்பாலும் ஆமாம். எழுத்தும் யோகோரெத்தேவுக்கு எழுதும் அதே கான்ஜிதான், இடப்பக்கம் நீரைக் குறிக்கும் மூன்று கோடுகள் கொண்டது. யோகோரேரு என்றும் கெகாரேரு என்றும் இடம் பார்த்து வாசிப்பார்கள். முதலாவது சோப்பில் போகும், இரண்டாவதுக்குச் சடங்கு வேண்டும். சாவு, பேறு, ரத்தம் எல்லாம் ஜப்பானின் பழைய மதமான ஷிந்தோவின் வழக்கில் கெகாரே. இறுதிச் சடங்குக்குப் போய் வந்தால் வாசலில் உப்பு தூவிக்கொள்வார்கள். ஜோதோ ஷின்ஷு பௌத்தர்கள் மட்டும் சாவு தீட்டில்லை என்று அதைச் செய்வதில்லை.

அதே திரியில் இன்னொருவர்: அக்கா, இதை அழகான சடங்கு மாதிரி சொல்லாதீர்கள். தீட்டு என்ற சொல்லால் நம் ஊரில் எத்தனை பேரை ஊருக்கு வெளியே வைத்தார்கள்?

நீங்கள் சொல்வது சரி. நான் பாதிதான் சொன்னேன். ஜப்பானிலும் அதுவே நடந்தது. இறந்த மாடு குதிரைகளை அகற்றியவர்கள், தோல் பதனிட்டவர்கள் மேல் கெகாரே பிறவியிலேயே ஒட்டியதாகச் சொன்னார்கள். அவர்களைக் குறித்த பழைய சொல்லை 'அழுக்கு மிகுந்த' என்ற பொருள்படும் எழுத்துகளால் எழுதினார்கள். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். அந்தத் தாழ்த்தப்பட்ட நிலையை ஒழித்து 1871-ல் அரசாணை வந்தும் ஒதுக்கல் நிற்கவில்லை. 1922-ல் கியோத்தோவில் அவர்களே சுய்ஹெய்ஷா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். இவர்கள் மேல் காட்டும் பாகுபாட்டை, அதாவது புராக்கு பாகுபாட்டை, ஒழிக்க 2016-ல் கூட ஒரு சட்டம் தேவைப்பட்டது. கழுவினால் போகும் நிலையைப் பிறப்போடு கட்டிவிட்டார்கள், அதுதான் கொடுமை.

மூன்றாமவர்: இதெல்லாம் பழங்கதை. இன்றைய ஜப்பானில் யார் தீட்டு பார்க்கிறார்கள்?

2018 ஏப்ரலில் மாய்சுரு நகரில் சுமோ மேடை மேல் மேயர் மயங்கி விழுந்தார். முதலுதவி செய்ய ஏறிய பெண்களை மேடையை விட்டு இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிறகு சுமோ சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பெண்கள் ஏறக்கூடாது என்ற வழக்கத்துக்குப் பலரும் சொல்லும் காரணம் இந்தக் கெகாரேதான். பழங்கதை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: தெரு அழுக்காக இருந்தால் கித்தனை சொல்லலாமா?

கேள்வி: நாய்க்குட்டியைக் கித்தனை என்று சொல்லலாமா?

இருவருக்கும் சேர்த்து: முதல் பதிலைப் படியுங்கள். தெருவுக்கு உரியவர் பக்கத்தில் இல்லை, சொல்லலாம். நாய்க்குட்டிக்கு உரியவர் பக்கத்தில் நிற்பார், வேண்டாம்.

கேள்வி: அப்படியென்றால் கித்தனை எப்போதுமே தப்பா அக்கா? என் கையெழுத்து கோணல், அதை எப்படிச் சொல்வது?

உங்களுடையதைத் தாராளமாகச் சொல்லலாம், அது பணிவு. 'ஜி கா கித்தனக்குத்தே சுமிமாசென்', கையெழுத்து அசிங்கமாக இருப்பதற்கு மன்னியுங்கள். வீட்டுக்குக் கூப்பிடுபவர்களும் பளபளக்கும் வீட்டை வைத்துக்கொண்டு 'கித்தனை தொக்கோரோ தெஸ் கா', அசிங்கமான இடம்தான், என்பார்கள். அப்போது ஆமாம் என்று தலையாட்டிவிடாதீர்கள். 'இயே இயே' என்று மறுத்துவிட்டு, கழற்றிய செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போங்கள்.