நின்றுபோவதைவிட மெதுவாவதுதான் மோசம்: கேயாஸ் இன்ஜினியரிங் கேள்வி பதில்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்தில் வீடும், கோவையிலோ கொச்சியிலோ வேலையுமாக இருக்கும் தமிழர்கள் நம்மில் பலர். கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுத்த சர்வர்களில், ஓடும் அமைப்புகளை வேண்டுமென்றே பழுதாக்கி, அவை தாங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் கேயாஸ் இன்ஜினியரிங். அதைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்தக் கருவி நல்லது?" என்று மட்டும் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அது கடைசிக்கு முந்தைய கேள்வி.

கேள்வி (ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர், மலம்புழா): அம்மா, ஓடுகிற இயந்திரத்தில் கல்லைப் போடுவது எந்த ஊர்ப் பொறியியல்? 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் ஒரு ஷட்டர் பெயர்ந்து தண்ணீர் சாலக்குடி ஆற்றுக்குப் பாய்ந்தது. சோதித்துப் பார்க்கிறேன் என்று யாராவது ஷட்டரைக் கழற்றுவார்களா?

பதில்: கழற்ற மாட்டார்கள் ஐயா, கழற்றவும் கூடாது. போன ஷட்டரை அன்றைக்கே திரும்ப மாட்ட முடியாது, போன தண்ணீரும் திரும்பாது. நான் ஒரு சர்வரை அணைத்தால் சில நிமிடத்தில் அதே போல இன்னொன்று எழுந்துவிடும். இந்த வசதி இருப்பதால்தான் எங்களுக்கு இந்தத் துணிச்சல். திரும்ப வைக்க முடியாததை நாங்களும் தொடுவதில்லை. பயனாளியின் தரவை அழித்துப் பார்க்கும் சோதனை என்று ஒன்று கிடையாது.

இது வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். 2008-இல், தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸின் டேட்டாபேஸ் பழுதாகி மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதன்பின் அவர்கள் அமேசான் கிளவுடுக்கு மாறினார்கள். அங்கே எந்த சர்வரும் எந்த நேரமும் காணாமல் போகலாம். என்றைக்கோ நடக்கப்போவது தினமும் நடக்கட்டும் என்று 2010-இல் கேயாஸ் மங்கி என்ற நிரலை எழுதினார்கள். அது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு சர்வரை அணைக்கும், ஆனால் அலுவலக நேரத்தில் மட்டும். பொறியாளர்கள் விழித்திருக்கும்போது உடையட்டும் என்பது கணக்கு. அதற்கும் முன்பே அமேசானில் ஜெஸ்ஸி ராபின்ஸ் என்பவர் 'கேம் டே' என்ற ஒத்திகை நாளைக் கொண்டுவந்திருந்தார். அவர் தீயணைப்புப் பயிற்சி பெற்றவர். தீ இல்லாத நாளில் ஏணி ஏறிப் பழகும் வழக்கத்தைத்தான் கணினிக்குக் கொண்டுவந்தார்.

கேள்வி (கல்லூரி மாணவர், வேலந்தாவளம்): அக்கா, எங்கிருந்து தொடங்குவது? கிளவுட் கணக்குக்குப் பணம் கட்ட வசதியில்லை.

பதில்: பணம் வேண்டாம் தம்பி. 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரை நிறுவுங்கள். அந்தப் பெட்டிகளை மேய்த்து, விழுந்தால் திரும்ப எழுப்புவது குபர்நெட்டிஸ். கைண்ட் அல்லது கே3டி கொண்டு ஒரு சின்ன குபர்நெட்டிஸ் அமைப்பை எழுப்புங்கள். அதில் ஒரு முகப்பு, ஒரு ஆர்டர் சேவை, ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அவ்வளவுதான். கே6 என்ற கருவி விநாடிக்கு 20 கோரிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கட்டும். பிராமீதியஸும் கிராஃபானாவும் வரைபடம் காட்டட்டும்.

இதுவரை எதையும் உடைக்கவில்லை. பலர் அவசரப்படுவது இங்கேதான். முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: "விநாடிக்கு 20 ஆர்டர் முடிகிறது. நூற்றுக்கு 99 கோரிக்கைகள் 300 மில்லி விநாடிக்குள் முடிகின்றன. ஆர்டர் சேவையின் இரண்டு பாட்களில் (ஓடும் பிரதிகளில்) ஒன்றை அழித்தாலும் இந்த எண்கள் மாறாது." இதுதான் கருதுகோள். எழுதாமல் உடைத்தால், நடந்ததைப் பார்த்துவிட்டு "நான் இதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சாதிக்கும். எழுதிய எண்ணும் பயனாளி உணர்கிற எண்ணாக இருக்க வேண்டும். சிபியூ எத்தனை சதவீதம் என்பது அவருக்கு எதற்கு? நெட்ஃபிளிக்ஸ் கண் வைத்திருந்தது, விநாடிக்கு எத்தனை படங்கள் ஓடத் தொடங்குகின்றன என்ற எண்ணின் மீது.

அடுத்து தாமதம். லினக்ஸில் டிசி என்ற கட்டளையோடு வரும் நெட்எம், நெட்வொர்க்கில் நீங்கள் கேட்கிற அளவு தாமதத்தையோ பாக்கெட் (தரவுத் துண்டு) இழப்பையோ உண்டாக்கும். ஓர் எச்சரிக்கை: தொலைவிலுள்ள சர்வரில் இதைச் செய்தால் அந்தத் தாமதம், நீங்கள் சர்வருக்குள் நுழைந்து வேலை செய்யும் எஸ்எஸ்ஹெச் இணைப்பின் மீதும் விழும். எல்லாப் பாக்கெட்டையும் தொலைக்கச் சொல்லிவிட்டால், நெட்எம்முக்குக் கொடுத்த அந்த விதியை நீக்குவதற்குக்கூட உள்ளே போக முடியாது. ஆகவே விதியைப் போடுவதற்கு முன்பே, ஐந்து நிமிடம் கழித்து அதை நீக்கும் கட்டளையைப் பின்னணியில் ஓட விடுங்கள். சோதனையை நிறுத்தும் வழி முதலில், சோதனை பிறகு.

கேள்வி (பால் சங்கக் கணினிப் பொறுப்பாளர், சித்தூர் அருகே): மழைக்காலத்தில் மின்சாரம் போகிறது, நெட் போகிறது. எங்களுக்கு தினமும் கேயாஸ்தான். தனியாக வேறு வேண்டுமா?

பதில்: கேயாஸ் உங்களிடம் தாராளமாக இருக்கிறது. இன்ஜினியரிங் மட்டும்தான் பாக்கி!

ஒன்றே ஒன்றைச் சோதியுங்கள். காலையில் ஒருவர் 6.4 லிட்டர் பால் ஊற்றுகிறார். பதிவு சர்வருக்குப் போய் எழுதப்பட்டுவிட்டது, ஆனால் "எழுதிவிட்டேன்" என்ற பதில் திரும்பி வருவதற்குள் நெட் போய்விட்டது. உங்கள் கருவி மறுபடி அனுப்பும். கணக்கில் 12.8 லிட்டர் ஏறுகிறதா? நெட் முழுவதுமாக இல்லாதபோது சோதித்தால் இந்தப் பிழை அகப்படாது. போகும் வழி திறந்திருக்க, வரும் வழி மட்டும் அடைபட வேண்டும். டாக்ஸிபிராக்ஸி என்ற இலவசக் கருவியால் பதில் வரும் திசையை மட்டும் தடுக்கலாம். மருந்து, ஒவ்வொரு ஊற்றலுக்கும் கருவியிலேயே ஒரு தனி அடையாள எண் கொடுப்பது. அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், கஞ்சிக்கோடு): நாங்கள் சர்வர்களை அணைத்துப் பார்த்தோம். எல்லாம் தானாக எழுந்தது. மேலாளர் "சான்றிதழ் போட்டுவிடலாம்" என்கிறார். சரியா அக்கா?

பதில்: சான்றிதழைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். செத்த சர்வர் நல்ல சர்வர். அதற்கு யாரும் வேலை அனுப்ப மாட்டார்கள். சாகாமல் இழுத்துக்கொண்டு கிடப்பதுதான் மற்றவற்றையும் சாகடிக்கும். ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு வாளையாறு சோதனைச்சாவடியில் லாரிகள் நின்ற வரிசை நினைவிருக்கிறதா? சாலை மூடியிருந்தால் ஓட்டுநர்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள். திறந்தே இருந்து மெல்ல நகர்ந்ததால்தான் எல்லோரும் அதிலேயே நின்றார்கள்.

கணக்கும் அப்படித்தான். ஒரு சேவையில் 50 த்ரெட்கள், அதாவது ஒரு நேரத்தில் தலா ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் 50 வேலைக் கைகள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் 50 மில்லி விநாடி என்றால் விநாடிக்கு 1000 கோரிக்கைகளைக் கையாளலாம். டேட்டாபேஸ் மந்தமாகி ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி பிடித்தால் அதே 50 த்ரெட்கள் விநாடிக்கு 25-ஐத்தான் முடிக்கும். வருவது 200 என்றால் ஒவ்வொரு விநாடியும் 175 தேங்குகிறது. பொறுமையிழந்த மேலடுக்கு, அதாவது இந்தச் சேவையை அழைத்த சேவை, மறுபடி கேட்கும். அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள் இருந்து, தலா மூன்று தடவை முயன்றால், ஒரே ஒரு பயனாளியின் தட்டல் அடியிலிருக்கும் டேட்டாபேஸில் 27 கோரிக்கைகளாக இறங்கும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற டேட்டாபேஸ்!

இதில் குபர்நெட்டிஸ் தன் பங்குக்கு ஒன்றைச் செய்யும். பாட் உயிரோடு இருக்கிறதா என்று அது கேட்கும் லைவ்னெஸ் சோதனை, உங்களிடம் டேட்டாபேஸையும் தொட்டுப் பார்க்கிறதா என்று இன்றே திறந்து பாருங்கள். மாற்றாமல் விட்ட அமைப்பில் அது 10 விநாடிக்கு ஒருமுறை கேட்டு, 1 விநாடி காத்து, மூன்று முறை தவறினால் கன்டெய்னரை மறுதொடக்கம் செய்யும். டேட்டாபேஸ் 2 விநாடி தாமதமானால் போதும். அரை நிமிடத்துக்குள் ஆரோக்கியமான எல்லா பாட்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மறுதொடக்கமாகி, எழுந்ததும் ஒன்றாகப் போய் டேட்டாபேஸில் புது இணைப்புக் கேட்கும். வியாதிக்காரனைப் பார்க்கப் போனவர்கள் எல்லோரும் படுத்துவிட்ட கதை.

ஆகவே அடுத்த சோதனையில் எதையும் அணைக்க வேண்டாம். டேட்டாபேஸ் வழியில் 2 விநாடி தாமதம் மட்டும் போடுங்கள். காத்திருப்புக்கு வரம்பு, மறுமுயற்சி ஒரே அடுக்கில் மட்டும், முயற்சிகளுக்கு நடுவே கூடிக்கொண்டே போகும், சற்றுச் சிதறிய இடைவெளி, தொடர்ந்து தவறினால் அழைப்பையே நிறுத்தும் சர்க்யூட் பிரேக்கர்: இவற்றில் எவை உங்களிடம் காகிதத்தில் மட்டும் இருக்கின்றன என்று அப்போது தெரியும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர், பாலக்காடு): மேலிடம் அனுமதி தரவில்லை. சத்தமில்லாமல் செய்துவிடலாமா?

பதில்: கூடாது. அப்படிச் செய்தால் அதற்குப் பெயர் நாசவேலை. ஒரு மணி நேரம் எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்து, "இப்போது பணம் செலுத்தும் சேவை பதிலளிக்கவில்லை, யார் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எதையும் தொடாத இந்த ஒத்திகையே பாதி ஓட்டைகளைக் காட்டும். அவற்றைச் சரிசெய்துவிட்டு, சோதனைச் சூழலில் செய்து காட்டி, பிறகு அனுமதி கேளுங்கள். உண்மைச் சூழலில் முதன்முதலாகச் செய்யும்போது ஒரு சர்வர், பகல் நேரம், எந்த எண் எந்த அளவைத் தாண்டினால் நிறுத்துவோம் என்ற எழுத்து. வெள்ளிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி (ஆந்திரச் சித்தூர்): எங்கள் அமைப்பு அமேசானின் மும்பை ரீஜனில் (அதன் டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரத்தில்) இருக்கிறது. ஹைதராபாத்திலும் ஒரு பிரதி வைத்தால் நிம்மதியாக இருக்கலாமா மேடம்?

பதில்: (நான் மற்றொரு சித்தூர்ப் பக்கம். கூரியர்காரர்கள் நம் இருவரையும் அறிவார்கள்.) அமேசானின் மும்பை ரீஜன் 2016-இலும் ஹைதராபாத் 2022-இலும் வந்தன. பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் உத்தரவிட்டது. அதனால் அந்தத் துறையினருக்கு இந்தியாவிலேயே இரண்டாவது ரீஜன் வந்தது பெரிய விஷயம். உங்களுக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. மும்பைக்குள்ளேயே தனித்தனி டேட்டா சென்டர்கள் கொண்ட மூன்று மண்டலங்கள் உண்டு. அவற்றில் ஒன்று போனால் தாங்குகிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஆர்டிஎஸ் என்ற அமேசான் சேவையில் ஓடும் டேட்டாபேஸ் மறு மண்டலத்துக்கு மாறப் பொதுவாக 60 முதல் 120 விநாடி ஆகும் என்கிறது அமேசான். டேட்டாபேஸ் மாறிவிடும். உங்கள் ஜாவா நிரல் பழைய ஐபி முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு அதையே தட்டிக்கொண்டிருக்கலாம்.

2015 செப்டம்பர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா ரீஜனில் டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவை தடுமாறியபோது நெட்ஃபிளிக்ஸ் தன் பயனாளிகளை வேறு ரீஜனுக்குத் திருப்பிவிட்டது. ஒரு ரீஜனையே காலி செய்யும் கேயாஸ் காங் ஒத்திகையை அவர்கள் அதற்கு முன்பே செய்து பழகியிருந்தார்கள். பழகாதவருக்கு ஹைதராபாத் மாதாமாதம் வரும் பில் மட்டும்தான்.

கேள்வி (கோவைக்கு தினமும் போய்வருபவர், வாளையாறு): சர்வர், டேட்டாபேஸ் தவிர வேறு எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: உங்களைக் காப்பாற்ற வைத்திருக்கும் பொருள்களை. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3 முடங்கியது. பராமரிப்புக் கட்டளையில் ஓர் உள்ளீடு தவறிப்போய், நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழற்றப்பட்டுவிட்டன. அதைப் பயனாளிகளுக்குச் சொல்ல வேண்டிய நிலைப் பலகையையும் உடனே மாற்ற முடியவில்லை, ஏனென்றால் அதுவும் எஸ்3-ஐ நம்பியிருந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் மறைந்தபோது, பழுதுபார்க்கும் உள்கருவிகளும் சேர்ந்து மறைந்தன. உங்கள் தொலைபேசிப் பட்டியல், கடவுச்சொல் பெட்டகம், வரைபடங்கள் எல்லாம் அதே கிளவுடில்தானே? ஒருநாள் அவற்றை இல்லை என்று வைத்துக்கொண்டு வேலை செய்து பாருங்கள். பட்டியலையாவது அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

கேள்வி (பலர்): எந்தக் கருவி?

பதில்: குபர்நெட்டிஸில் லிட்மஸ் அல்லது கேயாஸ் மெஷ், இரண்டும் இலவசம். அமேசானில் ஃபால்ட் இன்ஜெக்ஷன் சர்வீஸ், மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸ்யூரில் கேயாஸ் ஸ்டுடியோ. அமேசானுடையதில் ஓர் அலாரம் ஒலித்தால் சோதனை தானே நிற்கும்படி வைக்கலாம். அதை வைக்காமல் தொடங்காதீர்கள்.

கேள்வி (மென்பொருள் வேலை தேடுபவர், கொழிஞ்சாம்பாறை): இதைப் படித்தால் வேலை கிடைக்குமா அக்கா?

பதில்: இந்தப் பெயரிலேயே வரும் வேலைகள் குறைவு. அமைப்புகளை நிலையாக ஓட வைக்கும் எஸ்ஆர்இ, டெவ்ஆப்ஸ் வேலைகளுக்குள் இது வரும். அதற்கு முன் லினக்ஸ், நெட்வொர்க், ஒரு நிரல்மொழி மூன்றும் கைவசம் வேண்டும். சான்றிதழ்களை அடுக்க வேண்டாம். மேலே மாணவருக்குச் சொன்ன மடிக்கணினி அமைப்பில் செய்த இரண்டு சோதனைகளை கிட்ஹப்பில் போடுங்கள்: என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எதை மாற்றினேன், மாற்றியபின் வரைபடம் எப்படி இருந்தது. நேர்முகத் தேர்வில் நான் கேட்பது எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையே இருந்த வித்தியாசத்தைப் பற்றித்தான். வித்தியாசமே இல்லை என்று எழுதியிருந்தால் அடுத்தவரைக் கூப்பிடுவேன்.